பாக்ஸைப் பிரிக்கிற அரை மணி நேரம்

புது கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவர்களில் பெரும்பாலோர் பிராசஸரை சாக்கெட்டில் வைப்பதைத்தான் முதல் வேலை என்று நினைக்கிறார்கள். அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. மதர்போர்டு பாக்ஸைத் திறந்து, உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து, நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வாடகை வீட்டில் சாமானை இறக்குவதற்கு முன்பே சுவர் விரிசலையும் ஒழுகுகிற குழாயையும் வீட்டுக்காரரிடம் காட்டிவிடுவோம் இல்லையா, அதே காரணம்தான். பிராசஸரை வைத்து லீவரை அழுத்திவிட்டால், அதற்குப் பிறகு கண்ணில் படுகிற எந்த வளைந்த பின்னும் உங்கள் கணக்கில்தான் எழுதப்படும்.

மற்ற பாகங்களுக்கு இந்தக் கவலை குறைவு. ரேம் வேலை செய்யவில்லை என்றால் மாற்றித் தருவார்கள், பெரிதாகக் கேள்வி கேட்க மாட்டார்கள். மதர்போர்டைத் திருப்பிக் கொண்டுபோனால் சர்வீஸ் சென்டரில் முதலில் சாக்கெட்டைத்தான் பார்ப்பார்கள். அதில் ஒரு பின் சாய்ந்திருந்து, ரசீதில் 'பிசிகல் டேமேஜ்' என்று எழுதிவிட்டால் வாரண்டி அத்தோடு சரி. உயர்தர போர்டு ஒன்று அரை லட்சம் ரூபாயைத் தாண்டுகிற காலத்தில், அரை மணி நேரம் செலவழித்துப் பார்ப்பது வீண் வேலை இல்லை.

உதாரணத்துக்கு ஏஎம்டியின் ஏஎம்5 போர்டுகளை எடுத்துக்கொள்கிறேன். 2022 செப்டம்பரில் ரைசன் 7000 வரிசையோடு வந்த சாக்கெட் இது. ஏஎம்4 வரைக்கும் பின்கள் பிராசஸரின் அடியில் இருந்தன, 1331 பின்கள். ஏஎம்5ல் அவை போர்டுக்கு வந்துவிட்டன, எண்ணிக்கை 1718. இன்டெல் இந்த மாற்றத்தை 2004லேயே எல்ஜிஏ775 சாக்கெட்டில் செய்துவிட்டது. ஆகவே இங்கே சொல்வதில் பெரும்பகுதி இன்டெல் போர்டுக்கும் அப்படியே பொருந்தும்.

கடையிலேயே முடிக்க வேண்டியவை

ரிச்சி தெருவில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சு போகும்:

"அண்ணே, பில்லுல சீரியல் நம்பர் போட்டுக் குடுங்க."

"எதுக்கு தம்பி, பாக்ஸ்லயே ஒட்டியிருக்கே."

"இருக்கட்டும்ணே, வாரண்டிக்குக் கேப்பாங்க."

பாக்ஸில் இருப்பது போதாது. பில்லில் இருக்கிற நம்பரும், பாக்ஸ் ஸ்டிக்கரில் இருக்கிற நம்பரும், போர்டின் மேலேயே ஒட்டியிருக்கிற நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். போர்டு நம்பரை வீட்டுக்குப் போய்த்தான் பார்க்க முடியும். மற்ற இரண்டையும் கல்லாவிலேயே பார்த்துவிடலாம்.

பிறகு பாக்ஸின் ஒரு பக்கத்தில் இறக்குமதியாளர் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு விதிகளின்படி, இறக்குமதியாகி வந்து இங்கே சில்லறையில் விற்கப்படும் பொட்டலத்தில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி, புகார் சொல்ல வேண்டிய தொடர்பு எல்லாம் இருக்க வேண்டும். அந்த ஸ்டிக்கரே இல்லாத பாக்ஸ் துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ பெட்டியோடு பெட்டியாக வந்ததாக இருக்கலாம். விலை சில ஆயிரம் குறையும். ஆனால் பழுதானால் இங்கே உள்ள சர்வீஸ் சென்டர் கையில் வாங்குமா என்பது சந்தேகம். தெரிந்தே அந்தப் பேரத்துக்குப் போகிறவர்களைத் தடுக்க மாட்டேன், தெரியாமல் போகக் கூடாது.

பாக்ஸில் சீல் இல்லையே என்று பதற வேண்டாம். போன் பாக்ஸ் மாதிரி மதர்போர்டு பாக்ஸை எல்லாக் கம்பெனியும் பிளாஸ்டிக் சுற்றி அனுப்புவதில்லை. ஓரத்தில் ஒரு வட்ட ஸ்டிக்கர், சில சமயம் அதுவும் கிடையாது. புதுசா, பிரித்துப் போட்டதா என்பதை உள்ளே இருக்கிற அடையாளங்கள் சொல்லும். அதற்குப் பிறகு வருகிறேன்.

பழைய ஸ்டாக்கா என்பதையும் கேட்டுவிடுங்கள். போர்டு 2023ல் தயாரானது, நீங்கள் வாங்குகிற பிராசஸர் 2024 ஆகஸ்டில் வந்த ரைசன் 9000 வரிசை என்றால், பயாஸை அப்டேட் செய்யாமல் அந்த போர்டு ஆன் ஆகாது. இன்னொரு சங்கதியும் உண்டு. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 வரிசையின் எக்ஸ்3டி பிராசஸர்கள் சில சாக்கெட்டிலேயே கருகின. அதன் பிறகு எஸ்ஓசி வோல்டேஜ் 1.3ஐத் தாண்டாதபடி எல்லாக் கம்பெனிகளும் புது பயாஸ் வெளியிட்டன. அதற்கு முந்தைய பயாஸோடு கிடங்கில் கிடந்த போர்டில் எக்ஸ்3டி பிராசஸரை வைப்பதற்கு முன்பே அப்டேட் செய்துவிட வேண்டும். எப்படி என்று இந்த அத்தியாயத்தின் கடைசியில் சொல்கிறேன்.

மேஜை, கை, வேர்வை

ஏடிஎக்ஸ் போர்டின் அளவு 305க்கு 244 மில்லிமீட்டர். போர்டு, பாக்ஸ், அதன் தட்டுகள், உதிரிகள் எல்லாம் பரப்புவதற்கு ஒரு சாப்பாட்டு மேஜையாவது வேண்டும். கட்டில் மெத்தை வேண்டாம், கம்பளமும் வேண்டாம். மேஜை மேல் பழைய செய்தித்தாள் விரித்தால் போதும். கீழே விழுகிற எம்.2 ஸ்க்ரூவும் தாளில் கண்ணுக்குத் தெரியும்.

ஸ்டாடிக் கரண்டைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். உடம்பில் ஏறிய ஸ்டாடிக் சுள்ளென்று நமக்கே உறைக்க வேண்டும் என்றால் சுமார் 3000 வோல்ட் தேவை. சிப்புக்குக் கெடுதல் செய்ய அதில் சிறு பங்கு போதும், நமக்குத் தெரியவும் தெரியாது. காற்றில் ஈரம் இருந்தால் ஸ்டாடிக் தங்காது. ஆகவே சென்னையில் ஜூன் மாதம் ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்கிறவருக்கு ஆபத்து குறைவு. விடிய விடிய ஏசி ஓடுகிற அறை, ஊட்டியில் குளிருக்குக் கம்பளி ஸ்வெட்டர், பாலியஸ்டர் சட்டை, இவையெல்லாம் வேறு கதை. மணிக்கட்டுப் பட்டை இருந்தால் கட்டிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், எஸ்எம்பிஎஸ்ஸை மூன்று பின் பிளக்கில் மாட்டி, சுவர் ஸ்விட்சை ஆஃபில் வைத்து, அதன் பெயின்ட் அடிக்காத உலோகப் பகுதியை அவ்வப்போது தொட்டுக்கொள்ளலாம். வீட்டில் எர்த்திங் சரியாக இருந்தால்தான் இதற்கு அர்த்தம் உண்டு.

நம் ஊரில் ஸ்டாடிக்கைவிட எனக்கு அதிக பயம் வேர்வை மேல்தான். ஃபேனை நிறுத்திவிட்டு சாக்கெட்டின் மேல் குனிந்து பார்க்கிறவரின் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு உள்ளே விழுந்தால், அந்த உப்புத் தண்ணீரை முழுசாக எடுக்க வழியே இல்லை. துடைக்கப் போனால் பின் வளையும். ஃபேன் ஓடட்டும். தோளில் ஒரு துண்டு இருக்கட்டும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு உட்காருங்கள். தேங்காய் எண்ணெய்க் கை கனெக்டரின் தங்கப் பூச்சில் பட்டால் அதுவும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும்.

இன்னொரு ஆளிடம் போனைக் கொடுத்து, பாக்ஸ் மூடியிருக்கும் நிலையிலிருந்து வெட்டு இல்லாமல் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஆன்லைனில் விற்கிற கடைகள் பலவும் பாகம் குறைகிறது என்றால் முதலில் கேட்பது இந்த வீடியோவைத்தான். முதல் காட்சியிலேயே சீரியல் நம்பர் ஸ்டிக்கர் தெளிவாகத் தெரியட்டும்.

பையிலிருந்து வெளியே

மூடியைத் தூக்கினால் பெரும்பாலான உயர்தர பாக்ஸ்களில் போர்டு மேல்தட்டில் இருக்கும், உதிரிகள் அடித்தட்டில் இருக்கும். போர்டு சாம்பல் வெள்ளி நிறப் பையில் வரும். அந்தப் பையின் அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய உலோகப் படலம் உண்டு. வெளியிலிருந்து வரும் ஸ்டாடிக்கை உள்ளே விடாமல் தடுப்பது அதுதான். அதனால்தான் அந்தப் பையை விரித்து அதன் மேல் போர்டை வைத்து பவர் கொடுக்கக் கூடாது என்கிறோம். போர்டை வைத்துச் சோதிக்க பாக்ஸின் அட்டையே போதும்.

பையைத் திறப்பதற்கு முன்னால் ஒரு கையால் பையையும் இன்னொரு கையால் எஸ்எம்பிஎஸ் உலோகத்தையும் தொடுங்கள். பிறகு போர்டை ஓரங்களைப் பிடித்து எடுங்கள். ஹீட்சிங்க் பெரிதாக, பிடிப்பதற்கு வசதியாக இருக்கிறதே என்று அதைப் பிடித்துத் தூக்குகிறவர்கள் உண்டு. அது சில ஸ்க்ரூக்களின் பலத்தில் நிற்கிறது, அடியில் தெர்மல் பேட் இருக்கிறது. அதைப் பிடித்துத் தூக்கினால் போர்டின் மொத்த எடையும் அந்த ஸ்க்ரூக்களில் தொங்கும். பின்பக்கம் உலோகத் தகடு இல்லாத போர்டு என்றால் அடியில் சால்டர் முனைகள் ஊசியாக நீட்டிக்கொண்டிருக்கும், கை பத்திரம்.

இப்போது புதுசா என்று பார்ப்போம். ஸ்க்ரூ ஓட்டைகளைச் சுற்றி வெள்ளி வளையம் இருக்கும், அதில் ஸ்க்ரூ தலை திருகிய கோடு தெரிகிறதா? சாக்கெட்டின் உலோகச் சட்டத்தில், மூலைகளில், சாம்பல் நிறப் பேஸ்ட் துளி காய்ந்திருக்கிறதா? ஹீட்சிங்க் மேல் ஒட்டிவரும் பாதுகாப்பு ஃபிலிம் ஓரம் மடங்கி, தூசி படிந்து இருக்கிறதா? நான் முதலில் பார்ப்பது எம்.2 ஹீட்சிங்கின் அடியைத்தான். அதைக் கழற்றித் திருப்பினால் தெர்மல் பேட், அதன் மேல் மெல்லிய ஃபிலிம் இருக்க வேண்டும். ஏற்கெனவே ஒரு எஸ்எஸ்டி உட்கார்ந்திருந்தால் அந்த மெத்தென்ற பேடில் சிப்புகளின் சதுரத் தடம் அப்படியே பதிந்திருக்கும். பாக்ஸை மறுபடி அழகாக மூடலாம், ஃபிலிமைக்கூட ஒட்டிவிடலாம், அந்தத் தடத்தை அழிக்க முடியாது.

அந்த ஃபிலிமை இப்போது உரிக்க வேண்டாம். எஸ்எஸ்டி மாட்டுகிற அன்றைக்கு மறக்காமல் உரியுங்கள். உரிக்காமலே மாட்டிவிட்டு, எஸ்எஸ்டி சூடாகிறது என்று புலம்புகிறவர்கள் ஏராளம்.

சாக்கெட்டை எப்படிப் பார்ப்பது

சாக்கெட்டின் மேல் கறுப்பு பிளாஸ்டிக் மூடி ஒன்று இருக்கும். அதைக் கையால் பிடுங்காதீர்கள். ஏஎம்5லும் சரி, இன்டெலின் எல்ஜிஏ1700லும் சரி, அந்த மூடி சாக்கெட்டின் இரும்புச் சட்டத்தில்தான் மாட்டியிருக்கிறது. பிராசஸரை வைத்து லீவரை அழுத்தும்போது தானாகவே டப்பென்று எகிறி வெளியே வந்துவிடும். முன்கூட்டியே பிடுங்கப் போனால் ஒரு முனை நழுவி உள்ளே விழும். விழுகிற முனை பின்களைத்தான் உரசும்.

பின்களைப் பார்க்க மூடியை எடுக்கத் தேவையில்லை. லீவரை அழுத்தி, கொக்கியிலிருந்து பக்கவாட்டில் விலக்கி, மெதுவாக மேலே விடுங்கள். அது ஸ்ப்ரிங், கையை விட்டால் துள்ளும். பிறகு சட்டத்தைத் தூக்கினால் மூடியோடு சேர்ந்தே எழுந்துவிடும், பின்கள் தெரியும்.

நேர் மேலேயிருந்து டார்ச் அடித்தால் ஒன்றும் தெரியாது, எல்லாம் ஒரே பளபளப்பாக இருக்கும். அறை விளக்கைக் குறைத்துவிட்டு, போன் டார்ச்சை சாக்கெட்டின் ஒரு பக்கமாக, கிட்டத்தட்ட போர்டின் மட்டத்துக்கே இறக்கிப் பிடியுங்கள். ஒவ்வொரு பின்னும் தங்கப் பூச்சுள்ள, மேல் நோக்கி வளைந்த ஒரு சின்ன ஸ்ப்ரிங். சாய்ந்த வெளிச்சத்தில் அவற்றின் நுனிகள் மட்டும் மின்னும், வரிசை பிசகாத புள்ளிகளாக. டார்ச்சை மெல்ல நகர்த்தினால் அந்த மினுமினுப்பும் வரிசை வரிசையாகச் சேர்ந்து நகரும். எங்கேயாவது ஒரு புள்ளி மட்டும் முந்திக்கொண்டு மின்னினாலோ, மின்னாமல் இருண்டு கிடந்தாலோ, பக்கத்துப் புள்ளியோடு ஒட்டியது போலத் தெரிந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். போர்டைத் திருப்பித் திருப்பி நான்கு பக்கத்திலிருந்தும் இதையே செய்ய வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து நேராகத் தெரிகிற பின் இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தால் சாய்ந்திருக்கும். ஓரங்களையும் மூலைகளையும் இரண்டு முறை பாருங்கள். மூடி நழுவியிருந்தால் அடி அங்கேதான் பட்டிருக்கும்.

கண்ணுக்குச் சந்தேகமாக இருந்தால் போன் கேமராவில் கொஞ்சம் தள்ளி நின்று ஜூம் செய்து எடுங்கள். கிட்டே கொண்டுபோய் எடுக்கப் பார்த்து போனையே சாக்கெட்டின் மேல் தவறவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் நான்கு படமாவது எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிலாவது போர்டின் சீரியல் நம்பரும் சேர்ந்து விழட்டும்.

வளைந்த பின்னைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊசி, ட்வீசர், மெக்கானிக்கல் பென்சில் முனை என்று யூடியூபில் ஆயிரம் வைத்தியம் இருக்கும். எதையும் தொடாதீர்கள். சட்டத்தை மூடி, லீவரைக் கொக்கியில் மாட்டி, படங்களோடு அன்றைக்கே கடைக்காரரைக் கூப்பிடுங்கள். நீங்கள் நிமிர்த்தப் பார்த்த பின்னைக் கடைக்காரர் பார்த்தால் அவர் சொல்லப் போவது ஒன்றே ஒன்றுதான், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லுவேன். தட்டிக் கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. வீடியோவும் படமும் பில்லும் கையில் இருந்தால் பெரும்பாலும் அதுவரைக்கும் போகாது.

பிராசஸரை மாட்டிய பிறகு எகிறி விழுகிற அந்த மூடியைக் குப்பையில் போடாதீர்கள். சாக்கெட் மூடி இல்லாமல் வரும் போர்டை வாரண்டிக்கு ஏற்க மாட்டோம் என்று ஏசஸ் தன் மேனுவலிலேயே அச்சடித்திருக்கிறது. மற்றவர்களும் கேட்கத்தான் செய்வார்கள். மூடி இல்லாமல் போர்டைக் கூரியரில் அனுப்புவது எப்படியும் ஆபத்து.

அடித்தட்டில் என்ன இருக்கிறது

உயர்தர போர்டுக்குக் கொடுக்கிற கூடுதல் காசில் ஒரு பங்கு இந்த அடித்தட்டுக்குப் போகிறது. இதில் சில உண்மையில் வேலைக்கு ஆகும், சில வெறும் அலங்காரம். எது எது என்பது காலத்துக்குக் காலம் மாறும். 2000களின் தொடக்கத்தில் அபிட் கம்பெனி சில போர்டுகளோடு, பழைய ஐடிஇ ஹார்டு டிஸ்கைப் புதிய சாட்டா போர்ட்டில் மாட்ட ஒரு கன்வெர்ட்டரைக் கொடுத்தது. டிஎஃப்ஐயின் லான்பார்ட்டி போர்டுகளோடு, கம்ப்யூட்டரை நண்பர் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக ஒரு பட்டையே வந்தது. பிறகு வந்த பல ஆண்டுகளுக்கு, இரண்டு கிராஃபிக்ஸ் கார்டை இணைக்கும் எஸ்எல்ஐ பிரிட்ஜ் இல்லாத உயர்தர பாக்ஸே கிடையாது. இன்றைக்கு எஸ்எல்ஐயை என்விடியாவே கைவிட்டுவிட்டது. பழைய போர்டு வாங்கி அதில் அந்த பிரிட்ஜ் வந்தால் அலமாரியில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

முதலில் மேனுவலை எடுத்து, 'பாக்ஸில் உள்ளவை' என்ற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். மேனுவல் அச்சில் வராவிட்டால் கம்பெனி தளத்தில் அந்த மாடல் பக்கத்தில் இருக்கும். மாடல் பெயரை எழுத்துக்கு எழுத்து பாருங்கள். எக்ஸ்670, எக்ஸ்670இ இரண்டும் ஒன்றில்லை. கிகாபைட் போர்டு என்றால் போர்டின் மூலையில் 'ரெவ்' என்று ஒரு எண்ணும் இருக்கும். அதற்கேற்ப பயாஸ் ஃபைலும் மாறும், குறித்துக்கொள்ளுங்கள்.

தொலைந்தால் திரும்பக் கிடைக்காத பொருட்களை முதலில் தனியாக எடுத்து வையுங்கள். எம்.2 ஸ்க்ரூக்கள்தான் இதில் தலையாயவை. எள்ளு மாதிரி இருக்கும், எம்2 அளவு, நட்டு போல்ட் கடையில் கேட்டால் கையை விரிப்பார்கள். லேப்டாப் சர்வீஸ் செய்கிற கடையில் வேண்டுமானால் கிடைக்கும். ஏசஸ் இப்போது ஸ்க்ரூவுக்குப் பதில் திருப்பினால் பூட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் கொக்கிகளைக் கொடுக்கிறது. அதுவும் உடைந்தால் தனியாகத் தேடுவது கஷ்டம். கூடவே சின்ன ரப்பர் துண்டுகள் வந்தால் அவை ஒரு பக்கம் மட்டும் சிப் இருக்கிற எஸ்எஸ்டியின் அடியில் முட்டுக் கொடுக்க. இரண்டு பக்கமும் சிப் இருக்கிற எஸ்எஸ்டிக்கு வேண்டாம்.

சில போர்டுகளோடு எம்.2 கார்டு ஒன்றும் வரும். ஏசஸின் கிராஸ்ஹேர் எக்ஸ்670இ ஹீரோ போர்டில் நான்கு எம்.2 இடங்கள் உண்டு. ஐந்தாவதற்கு ஒரு தனி கார்டைக் கூடவே கொடுக்கிறார்கள். அதை இரண்டாவது பெரிய ஸ்லாட்டில் மாட்டினால், கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிற முதல் ஸ்லாட்டின் பிசிஐஇ லேன்கள் 16லிருந்து 8 ஆகிவிடும். நான்கு எஸ்எஸ்டிக்கு மேல் இல்லாதவர் இந்தக் கார்டைப் பாக்ஸிலேயே விட்டுவிடுவது நல்லது. ஏசஸின் வேறு சில போர்டுகளில் டிம்.2 என்று ரேம் மாதிரியே இருக்கும் ஒரு கார்டு வரும். அதற்கென்று ரேம் ஸ்லாட்டுகளின் பக்கத்தில் தனி ஸ்லாட் உண்டு. ரேமை அதிலோ, அதை ரேம் ஸ்லாட்டிலோ அழுத்தப் பார்க்காதீர்கள்.

வைஃபை ஆன்டெனாவை, 'நான் லேன் கேபிள்தானே போடப் போகிறேன்' என்று பலர் பாக்ஸிலேயே வைத்துவிடுகிறார்கள். பிறகு ப்ளூடூத் ஹெட்போன் விட்டு விட்டுக் கேட்கிறது என்று போர்டைத் திட்டுகிறார்கள். வைஃபையும் ப்ளூடூத்தும் ஒரே கார்டு, ஒரே ஆன்டெனா. லேன் போட்டாலும் ஆன்டெனாவை மாட்டுங்கள். பித்தளை முனையை விரல் பலத்தில் திருகினால் போதும், ஸ்பானர் வேண்டாம். ஆன்டெனாவைக் கேபினெட்டுக்குப் பின்னால் சுவரோரமாகத் தொங்கவிடாமல் மேஜை மேலே வையுங்கள். இரும்பு டப்பாவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற ஆன்டெனாவால் பெரிய பயன் இல்லை.

லைட்டுக்கான கேபிள்களில் கவனம் தேவை. நான்கு முனை கொண்டது 12 வோல்ட், எல்லா விளக்கும் ஒரே நிறத்தில் எரியும் சாதாரண ஆர்ஜிபி. நடுவில் ஒரு இடம் விட்டு மூன்று முனை கொண்டது 5 வோல்ட், ஒவ்வொரு விளக்கும் தனி நிறம் காட்டும் ஏஆர்ஜிபி. 5 வோல்ட் ஸ்ட்ரிப்பை 12 வோல்ட் முனையில் வலுக்கட்டாயமாக ஏற்றினால் ஸ்ட்ரிப் அங்கேயே உயிரை விடும். போர்டில் இரண்டும் அக்கம்பக்கத்தில்கூட இருக்கலாம். மேலே அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டு மாட்டுங்கள்.

நூல் மாதிரி மெல்லிய, இரண்டு முனை கேபிள் ஒன்று வந்தால் அது வெப்பம் அளக்கும் சென்சார். வாட்டர் கூலிங் போடுகிறவர்களுக்கு இது தங்கம், மற்றவர்கள் கேபினெட்டுக்குள் காற்று எவ்வளவு சூடு என்று பார்க்கலாம். சாட்டா கேபிள்கள் எம்.2 வந்தபிறகு பாதிப் பேருக்குத் தேவைப்படுவதே இல்லை. கிராஃபிக்ஸ் கார்டுக்கு முட்டுக் கொடுக்கும் தாங்கி வந்திருந்தால் பயன்படுத்துங்கள், இன்றைய கார்டுகள் தொங்கத்தான் செய்கின்றன. ஸ்டிக்கர், சாவிக்கொத்து, நன்றி அட்டை எல்லாம் வீட்டுப் பிள்ளைகளுக்கு.

டிரைவர் டிவிடியின் இடத்தில் இப்போது பென் டிரைவ் வருகிறது, சில பாக்ஸ்களில் அதுவும் இல்லை. இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் விண்டோஸ் 11 இன்ஸ்டால் ஆகும்போது இன்டர்நெட் கேட்கும். புது போர்டின் வைஃபைக்கும் லேனுக்கும் அதனிடம் பல நேரம் டிரைவர் இருக்காது. டிரைவர் இல்லாமல் நெட் இல்லை, நெட் இல்லாமல் டிரைவர் இல்லை. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் சொருகி டெதரிங் ஆன் செய்தால் இந்த முடிச்சு பெரும்பாலும் அவிழ்ந்துவிடும்.

பாக்ஸ் மேலேயே ஒரு சோதனை

பயாஸ் பழசு என்று சந்தேகம் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். உயர்தர போர்டுகள் பெரும்பாலானவற்றில் பிராசஸர், ரேம் எதுவும் இல்லாமலே பயாஸ் ஏற்றும் வசதி உண்டு. பென் டிரைவை ஃபேட்32ல் ஃபார்மேட் செய்து, உங்கள் மாடலுக்கான ஃபைலைப் போட்டு, கம்பெனி சொன்னபடி பெயர் மாற்ற வேண்டும். எம்எஸ்ஐக்கும் கிகாபைட்டுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கிறது, ஏசஸ் அதற்கென்று ஒரு சின்ன புரோகிராமையே ஃபைலோடு தருகிறது. 24 முனை பவரும் 8 முனை பவரும் மாட்டி, பின்பக்கம் அதற்கென்று குறியிட்ட யூஎஸ்பி போர்ட்டில் பென் டிரைவைச் சொருகி, பட்டனை மூன்று விநாடி அழுத்துங்கள். விளக்கு மின்னத் தொடங்கும், முடிந்ததும் அணையும். நடுவில் கரண்ட் போனால் சிக்கல். யூபிஎஸ்ஸில் மாட்டிச் செய்யுங்கள். யூபிஎஸ் இல்லாதவர்கள் மழை இரவில் இந்த வேலையை வைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, போர்டைக் காலி பாக்ஸின் மேல் வைத்து, பிராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம் குச்சி. நான்கு ஸ்லாட் போர்டில் அதைப் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள். ரைசன் 7000, 9000 வரிசைகளில் பெயரின் முடிவில் 'எஃப்' இல்லாத பிராசஸர்களுக்கு உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிறது. ஆகவே கிராஃபிக்ஸ் கார்டு இப்போதைக்கு வேண்டாம், போர்டின் எச்டிஎம்ஐயில் மானிட்டரை மாட்டினால் போதும். உயர்தர போர்டுகள் பலவற்றில் ஸ்டார்ட் பட்டன் போர்டின் மேலேயே இருக்கும்.

பட்டனை அழுத்தியதும் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும், ரேமுக்கான விளக்கு எரிந்துகொண்டிருக்கும். இங்கேதான் பலர் பயந்து பவரை அணைக்கிறார்கள். ஏஎம்5 போர்டு முதல் முறை டிடிஆர்5 ரேமோடு பழகுவதற்குச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அணைத்தால் மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்கும். ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள். கால் மணி நேரம் ஆகியும் அதே விளக்கு என்றால் ரேமைக் கழற்றி மறுபடி அழுத்தி மாட்டிப் பாருங்கள், அடுத்து வேறு குச்சி. இரண்டு இலக்க டிஸ்ப்ளே இருக்கிற போர்டு என்றால் அது எந்த எண்ணில் நின்றது என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் சென்டரில் பேசும்போது 'ஆன் ஆகலை' என்பதைவிட அந்த எண் அதிகம் உதவும்.

பயாஸ் திரை வந்துவிட்டால் நான்கைந்து விஷயம் பாருங்கள்: பயாஸ் வெர்ஷன், பிராசஸர் பெயர், அதன் வெப்பம், ஃபேன் வேகம். ஒரு குச்சி ரேம் சரியாகத் தெரிந்தால் அணைத்துவிட்டு மீதியையும் மாட்டிப் பாருங்கள். இரண்டு குச்சி என்றால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகள். பிறகு எம்.2 எஸ்எஸ்டியை ஒவ்வொரு இடத்திலும் மாற்றி மாட்டி, தெரிகிறதா என்று பாருங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் கேபினெட்டுக்குள் போய், அதன் மேல் கிராஃபிக்ஸ் கார்டும் உட்கார்ந்தபிறகு அடியில் இருக்கிற எம்.2 ஸ்லாட் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் மாட்டும்போதும் எஸ்எம்பிஎஸ் ஸ்விட்ச் ஆஃபில் இருக்கட்டும்.

எல்லாம் தெரிந்தால் பவரை அணைத்து, பிராசஸரும் கூலரும் ரேமும் இருந்தபடியே விட்டுவிட்டு, சாக்கெட் மூடி, பை, மீந்த உதிரிகள், பில்லின் நகல் எல்லாவற்றையும் பாக்ஸில் போட்டு வையுங்கள். இந்தியாவில் இந்த வகை போர்டுகளுக்குப் பொதுவாக மூன்றாண்டு வாரண்டி, பாக்ஸும் அத்தனை நாள் வீட்டில் இருக்க வேண்டும். கேபினெட்டில் ஸ்டாண்ட்ஆஃப் எங்கெங்கே திருகுவது என்பதிலிருந்து அடுத்த அத்தியாயம் தொடங்குகிறது.